முதலாளி நல்லா இருக்கான்

அந்த வீட்டில் காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பது சமைப்பதற்கு இல்லை, துணி வேகவைக்க. அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்த பருத்திப் பட்டைகளைத் தையல்காரி ஒவ்வொன்றாக உள்ளே விடுவாள். இருபது நிமிடம் வேக வேண்டும். பிறகு இடுக்கியால் எடுத்துக் கைபடாமல் சமையலறைக் கொடியில் காயப்போடுவாள். பதினோரு வருடப் பழக்கம். பையன் செத்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. பட்டைகள் இன்னும் வேகின்றன, காய்கின்றன, மடிக்கப்பட்டு டப்பாவுக்குள் போகின்றன. மறுநாள் அதே பட்டைகள் மறுபடி பாத்திரத்துக்குள்.

அவள் வீட்டுக்காரன் வெல்டர். பக்கத்துத் தெருவில் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற பட்டறை. அவன் தினம் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கிறான். அதைச் சுற்றிக்கொண்டு போய் டீயை எடுத்துக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். நிறுத்து என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பையன் பிறந்த அன்று நர்ஸ் குதிகாலைப் பிடித்துத் தூக்கினாள். குதிகால் தோல் அவள் கையோடு வந்துவிட்டது. அப்படி ஒரு உடம்பு. தொட்டால் கொப்பளம், உரசினால் புண். வெயில் ஏறினால் தொடவே வேண்டாம், தானாகவே பொங்கும். தொற்றிக்கொள்ளாது, பிறவியிலேயே தோல் உடம்போடு ஒட்டவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் மூன்று மணி நேரம் வேலை. பழைய கட்டுகளை நனைத்து நனைத்துப் பிரிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும். புதுக் கொப்பளங்களை ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோல் கிழியாமல் படியவைக்க வேண்டும். பிறகு களிம்பு, பிறகு கட்டு. விரல்களைத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஒரு வாரம் சோம்பல் பட்டால் இரண்டு விரல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

தையல்காரி கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். மகனுக்கு மட்டும் தலைகீழாகத் தைத்தாள். தையல், பிசிறு, மடிப்பு எல்லாம் வெளியே. உடம்பில் படும் பக்கம் வழவழவென்று இருக்கும். அவள் அதை வெளித்தையல் என்றாள். தெருவில் பார்த்தவர்கள், "பாவம், சட்டையக்கூடத் திருப்பிப் போட்டிருக்கா" என்றார்கள்.

மூன்று வயதிலிருந்தே அவனுக்கு முதலாளி என்று பேர். படுத்த இடத்திலிருந்து வேலை வாங்குவான். "ஃபேன் ரெண்டாம் நம்பர்ல வை." "தலைகாணி அப்படி இல்ல, இப்படி." கட்டுப் போடும்போது அழாமல் மேற்பார்வை பார்ப்பான்: "அந்தச் சுண்டுவிரல விட்டுட்ட. வேலைல கவனம் வேணும்." அப்பன் "சரிங்க முதலாளி" என்று கை கட்டி நிற்பான். அப்பன் கை உப்புத்தாள் மாதிரி. அதனால் இரண்டு கையிலும் மெத்துமெத்தென்ற துணியைப் போர்த்திக்கொண்டுதான் மகனைத் தூக்குவான். வெறுங்கையால் அவனைத் தொட்டதே இல்லை.

தெருவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தங்கள் பிள்ளைகளை அந்த வாசல் பக்கம் விடாதவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் நல்லவர்கள். எதிர்வீட்டு மெக்கானிக் அந்த நல்லவர்களில் ஒருவன். பையனுக்கு மூச்சு வாங்கி, கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது, கூப்பிடாமலே ஓடிவந்து பையனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அப்படித்தான் எல்லோரும் குழந்தையைத் தூக்குவார்கள். இரண்டு அக்குள் தோலும் உரிந்து போயிற்று. மெக்கானிக் தன் கையைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றான். அதன் பிறகு இந்த வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. அவனைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கு அவன் என்ன செய்வான்?

எப்படித் தூக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அறுபத்தோரு பேர். ஒருவரும் பக்கத்தில் இல்லை.

போனில் இருக்கிற அந்த குரூப்புக்கு 'பத்திரமா' என்று பேர். இதே தோலோடு ஒரு மகனை வளர்க்கிற டீச்சர் ஒருத்தி எட்டு வருடம் முன்னால் தொடங்கியது. எங்கெங்கோ இருக்கிற அப்பா அம்மாக்கள். சிலருக்குப் பொழுது விடியும் நேரமே வேறு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தர் பிள்ளையின் முழங்கால் புண் எந்த வடிவம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நகம் விழுந்து மறுபடி முளைத்தால் அங்கே போட்டோ போடுவார்கள். அறுபது பேர் கைதட்டுவார்கள். வேறு எந்த இடத்தில் ஒரு நகத்துக்குக் கைதட்டுவார்கள்? தையல்காரி அங்கே 'பஞ்சு அக்கா'. எந்தத் துணி ஒட்டும், எது ஒட்டாது, எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும், வெளித்தையல் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பகலெல்லாம் மெஷின் பக்கத்தில் நூல்கண்டோடு போனும் இருக்கும்.

அந்த குரூப்பில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை போய்விட்டால் சொல்வதில்லை. பேசாமல் வெளியேறிவிட வேண்டும். "இன்னார் வெளியேறினார்" என்று ஒரு வரி வரும். அன்று முழுக்க யாரும் எதுவும் போட மாட்டார்கள். அடுத்த நாள் யாராவது களிம்பைப் பற்றிக் கேட்பார்கள், மறுபடி ஓடத் தொடங்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் அப்பா அம்மா போனை எடுத்துப் படிக்கும், அதுதான் காரணம். படுத்திருக்கிற பிள்ளை தன்னைப் போல இன்னொன்று செத்த செய்தியை ஏன் படிக்க வேண்டும்?

தையல்காரி வெளியேறவில்லை. அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அவள் தங்கச்சி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அந்தக் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள். வார லீவுக்கு அக்காவோடு இருக்க வருவாள். உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் சத்தம் கொடுத்தது. ஏதோ சீருடை ஆர்டர் என்று எடுத்தாள்.

"அக்கா, என்னது இது?"

"போனக் குடு."

"'முதலாளி நல்லா இருக்கான். காலைல ரெண்டு வாய் சாப்பிட்டான்.' நேத்து எட்டேகாலுக்குப் போட்டிருக்க. யாரு சாப்பிட்டான் அக்கா?"

தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. ஒரு காலரை முடித்து நூலைக் கடித்தாள்.

"எப்படி இருக்கான்னு கேட்டாங்க. சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு?"

"இருக்கலாம். உருளைக்கெழங்க எடுத்து அந்தப் பக்கம் வை, துணில ஈரம் படுது."

"பேச்ச மாத்தாத. நாப்பத்திரண்டு நாளா இப்படித்தான் எழுதிட்டு இருக்கியா? ஜுரம் வந்துச்சு, ஜுரம் போச்சு, தூங்கறான்... அக்கா, படிக்கவே முடியல."

"அப்ப படிக்காத."

"குரூப்பாம் பெரிய குரூப்பு. அறுபத்தோரு பேர் இருக்காங்களே, ஆஸ்பத்திரில நீ பதினெட்டு நாள் தரையில உக்காந்திருந்தியே, ஒருத்தராச்சும் வந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்களா?"

"தெருவுல முன்னூறு பேர் இருக்காங்களே, ஒருத்தருக்காச்சும் அவன எப்படித் தூக்கணும்னு தெரிஞ்சுதா?"

மெக்கானிக் வீட்டு வாசலில் யாரோ பைக்கை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். இரண்டு முறை உறுமிவிட்டு அணைந்தது.

"ஒரு பட்டன்தானேக்கா," என்றாள், இந்த முறை தணிந்து. "அழுத்திட்டு வெளிய வந்துடு. அவங்களே புரிஞ்சுப்பாங்க. உங்க வழக்கமே அதுதானே?"

"வெளிய வந்தா?"

"வெளிய வந்தா நாங்க இருக்கோம்."

"நீ இருப்ப. உன்கிட்ட அவன் பேசினதப் பத்தி, சிரிச்சதப் பத்திப் பேசலாம். அவன் முதுகுல அந்தப் பெரிய புண்ணு ஒன்றரை வருஷம் கழிச்சு மூடினப்போ உள்ள இருந்து ரோஸ் கலர்ல தோல் வந்துச்சு. அதப் பாத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொன்னா நீ மூஞ்சியச் சுளிப்ப."

"சுளிக்க மாட்டேன்."

"இப்பவே சுளிச்சிட்ட."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கவில்லை. வெல்டர் ஏற்கனவே வந்து நின்றிருந்தான். சாப்பாட்டுக்கு வந்தவன், கையில் வெல்டிங் கண்ணாடி, முகத்தில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அங்க... உயிரோட இருக்கானா?"

தங்கச்சி "மாமா..." என்று இழுத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இருக்கான்," என்றாள் தையல்காரி.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். போன வாரம் கொஞ்சம் ஜுரம். இப்ப இல்ல."

"சாப்பிடறானா?"

"பால்ல ஊறவெச்ச ரொட்டி. ரெண்டு வாய்தான். தொண்டைல போன மாசம் வந்த புண்ணு இன்னும் ஆறல."

வெல்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியூரிலிருந்து வந்தவரிடம் தன் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது. கண்ணாடியின் பட்டியைத் திருகிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"என்னப் பத்தி எதாச்சும் கேட்டானா?"

தையல்காரி கொஞ்சம் யோசித்தாள்.

"பட்டறைல ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யறாங்களா, இல்ல டீ குடிச்சிட்டே உக்காந்திருக்காங்களான்னு கேட்டான்."

வெல்டர் சிரித்துவிட்டான். சத்தமாகவே சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. துணி போர்த்தாத இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போய், அங்கே ஒன்றும் செய்வதற்கு இல்லாமல், வெந்த பட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஏன் சொல்லல?" வெல்டரின் குரல் உயர்ந்தது. "நாப்பத்திரண்டு நாளா நான் ஒண்டியா இந்த வீட்டுல செத்தவனுக்கு அப்பனா இருக்கேன். பட்டறைல ஒருத்தனும் அவன் பேரச் சொல்ல மாட்டேங்கறான். நான் வந்தா பேச்ச நிறுத்திடறானுங்க. நீ மட்டும் அங்க போய் அவன உயிரோட வெச்சிக்கிட்டு இருக்க. என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீ திட்டுவன்னு நினைச்சேன்."

"திட்டித்தான் இருப்பேன். திட்டிட்டுக் கேட்டிருப்பேன்."

அன்று மூவரும் சாப்பிடவில்லை. விஷயம் அதோடு முடிந்திருந்தால் அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் தங்கச்சி விடுகிற ரகம் இல்லை. போனை எடுத்து மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டே போனாள். குரூப்புக்கு வெளியே, அக்காவுக்கு மட்டும் வந்த செய்திகளில் ஒன்றில் நின்றாள்.

"புதுசுன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நாலு மாசம் முன்னாடி சேந்தா. சின்னப் பொண்ணு. நாலு வயசுல ஒரு பாப்பா."

"வியாழக்கிழமை குழாய் வெக்கணும்னு டாக்டர் சொல்றாராம்." தங்கச்சி படித்தாள். "'தொண்டைல எதுவும் இறங்கல, எடை ஏறல, வயித்துல ஓட்ட போட்டுக் குழாய் வழியா சாப்பாடு குடுக்கலாங்கறாங்க. எனக்கு மனசு வரல அக்கா. நீங்க குழாயே இல்லாம பதினோரு வருஷம் நல்லாத்தானே பாத்துக்கறீங்க. முதலாளிய நெனச்சுத்தான் நானும் வேணாம்னு சொல்லப்போறேன்.' அக்கா, நீ என்ன பதில் போட்டிருக்க தெரியுமா? 'யோசிச்சு செய் கண்ணு.' அவ்வளவுதான்."

தையல்காரி மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அது சுற்றாமல் இருந்தாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஒன்றரை வருடம் முன்னால் அவளிடமும் டாக்டர் இதையே சொன்னார். பத்து வயதுப் பையன் பதிமூன்று கிலோ. "இவன் உடம்புல ஓட்டை இல்லாத எடமே இல்ல, நீங்க வேற புதுசா ஒண்ணு போடணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். வெல்டர் "அவ சொன்னா சரி" என்றான். அதற்குப் பிறகு எடை ஏறவே இல்லை. கடைசியில் கிருமி ரத்தத்தில் ஏறியபோது தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. குழாய் வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்," என்றான் வெல்டர்.

"சொன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிடும்."

"யாரு சொல்லப்போறா அப்படி?"

"யாரும் சொல்ல வேணாம். எனக்கே ஆயிடும்."

தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெல்டர் கையைக் காட்டி நிறுத்தினான்.

திங்கட்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கோடை முழுக்க அந்த மழைக்காகத்தான் அந்த வீடு காத்துக்கொண்டிருக்கும். வெயில் தணிந்தால் கொப்பளம் தணியும். இந்த வருடம் மழை அது பாட்டுக்குப் பெய்தது. தையல்காரி ஒன்பது சட்டை தைத்தாள். மூன்றில் கை மாறிப் போய்ப் பிரித்துத் தைத்தாள். நான்காவதாக ஒரு சட்டையைத் தன்னையறியாமல் வெளித்தையல் போட்டுவிட்டாள். கடையில் அதை யார் வாங்குவார்கள்? அதைப் பிரிக்காமல் தனியாக மடித்து வைத்தாள். போன் மூன்று முறை சத்தம் கொடுத்தது. எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வெல்டர் பட்டறைக்குப் போகவில்லை. தங்கச்சி கடையில் பொய் சொல்லி லீவு போட்டாள். காலை பத்து மணிக்குத் தையல்காரி ஸ்பீக்கரில் போட்டுப் புதுசைக் கூப்பிட்டாள். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா! பஞ்சு அக்காவா?" குரல் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தது. பின்னால் ஒரு குழந்தை முனகிக்கொண்டிருந்தது. "உங்க குரலை இப்பத்தான்க்கா கேக்கறேன். இவ்வளவு மெதுவா பேசுவீங்கன்னு நினைக்கவே இல்ல. இருங்க, பாப்பாவுக்குக் கை சுத்திட்டு இருக்கேன். கட்டை விரல் மட்டும் பாக்கி."

"முடிச்சிட்டே வா. நான் இருக்கேன்."

இரண்டு நிமிடம் போனில் பட்டை உருளும் சத்தமும் குழந்தையின் மூச்சும் மட்டும் கேட்டன. வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"சொல்லுங்கக்கா. முதலாளி எப்படி இருக்கார்? நேத்தெல்லாம் உங்களக் காணோமே."

"முதலாளி இல்லம்மா."

"எங்க, ஆஸ்பத்திரியா?"

"இல்ல கண்ணு. போயிட்டான்."

குழந்தை "அம்மா" என்றது.

"எப்ப?"

"இன்னியோட நாப்பத்திநாலு நாளாச்சு."

"சனிக்கிழமை ரெண்டு வாய் சாப்பிட்டான்னு சொன்னீங்களே."

"பொய்."

"ஜுரம் விட்டுருச்சுன்னு..."

"அதுவும் பொய்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லாம விட்டேன், அதான் பெரிசு. எங்களையும் குழாய் வெக்கச் சொன்னாங்க. நான் வேணாம்னேன். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அவன் எடை ஏறவே இல்ல. உன்கிட்ட அதச் சொல்லல."

"வெச்சிருந்தா இருந்திருப்பானாக்கா?"

"வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. வெக்காம என்ன ஆச்சுன்னு தெரியும். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பிறகு புதுசு பேசியபோது குரலில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் இல்லை.

"எங்க வீட்டுல என் மாமியார் இவளத் தொட மாட்டாங்க. தினம் காலைல உங்க பையன் போட்டோவப் பாத்துட்டுத்தான் நான் எந்திரிக்கறேன். பதினோரு வயசு வரைக்கும் வந்துட்டான், இவளும் வருவான்னு. செத்துப்போன புள்ளையக் காட்டி என்ன ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா."

"ஆமாவா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

இணைப்பு அறுந்தது.

தங்கச்சி அக்காவின் முதுகில் கை வைத்தாள். தையல்காரி அழவில்லை. அரை மணி நேரம் கழித்து குரூப்பைத் திறந்து, கீழே இறக்கி, வெளியேறு என்று சிவப்பாக எழுதியிருந்த இடத்துக்கு வந்தாள். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை அழுத்தச் சொன்னதுதான். இப்போது அழுத்து என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

கட்டைவிரல் அங்கேயே இருக்கும்போது போன் அடித்தது. 'லாரி' என்று வந்தது. சரக்கு லாரி ஓட்டுகிறவர். பதினாலு வயது மகள் இருக்கிறாள். குரூப்பில் எல்லோரையும் கிண்டலடிப்பவர் அவர்தான். ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

"வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன்மா. அந்தப் பொண்ணு டீச்சருக்கு போன் போட்டு அழுதுச்சாம். டீச்சர் எனக்குச் சொன்னாங்க. நீங்க அந்தப் பட்டன அழுத்திடுவீங்களோன்னுதான் அவசரமா அடிச்சேன்."

"அழுத்தத்தான் போறேன்ணே. மன்னிச்சிடுங்க. உங்களயெல்லாம்..."

"எங்கள ஒண்ணும் ஏமாத்தல. எங்களுக்குத் தெரியும்."

தையல்காரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். மறுபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன தெரியும்?"

"எம்பொண்ணுதான் கண்டுபிடிச்சா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே. 'பஞ்சு ஆன்ட்டி இப்பெல்லாம் எல்லாருக்கும் பதில் சொல்றாங்கப்பா, ஆனா ஒண்ணும் கேக்கறதே இல்ல. முதலாளி போயிட்டான்னு நினைக்கறேன்'னா. எனக்கு வண்டி ஓட்ட வரல அன்னிக்கு. புள்ள உயிரோட இருந்தா நமக்குக் கேக்கறதுக்கு ஓயாதே. இது சிவந்திருக்கே, அது நாறுதேன்னு தினம் பத்து கேள்வி. புள்ளைங்க படிச்சிடுமேன்னு நாம வாய மூடிக்கிட்டு இருக்கோம், அதுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்களாம்."

தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை. குனிந்து போனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அவங்க தங்கச்சி பேசறேன். தெரிஞ்சும் எதுக்குங்க சும்மா இருந்தீங்க? தெனம் 'முதலாளி எப்படி இருக்கார்'னு வேற கேட்டிருக்கீங்க. வெளையாட்டா இது?"

"தெரிஞ்சதச் சொன்னா உங்க அக்கா போயிடுவாங்களேம்மா." அவர் பக்கத்தில் பெரிய வண்டிகள் விர்ரென்று போகும் சத்தம். "எட்டு வருஷத்துல பதினேழு பேர் போயிருக்காங்க. ஒருத்தரும் திரும்பி வரல. ஒரு பையன் அப்பா இருந்தார், தினம் காலைல எம்பொண்ணுக்கு ஒரு விடுகதை போடுவார். ஒருநாள் வெளியேறினார்னு வந்துச்சு. என் வண்டி மாசத்துக்கு நாலு தடவ அவர் ஊர் வழியாத்தான் போகுது. எந்தத் தெருன்னு தெரியாது. வீட்டு நம்பர் தெரியாது. அவர் நிஜப் பேரே தெரியாது. ஊருக்குள்ள போறப்போ சும்மா ரெண்டு தடவ ஹாரன் அடிச்சிட்டுப் போவேன். கேக்குமோ என்னவோ."

தங்கச்சி போனை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட குழாயப் பத்திப் பேசினது எங்களுக்குத் தெரியாது," என்றார் லாரி. "தெரிஞ்சிருந்தா சத்தியமா பேசியிருப்போம். அது தப்புதான்மா. தப்பில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா தப்பு பண்ணவங்க எல்லாம் போகணும்னா குரூப்புல எவன் இருப்பான்? வெச்சிடறேன், போலீஸ்காரர் வராரு, இங்க வண்டி நிறுத்தக் கூடாதாம்."

தையல்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். பட்டனை அழுத்தவும் இல்லை, அழுத்தாமல் இருக்கப்போகிறேன் என்று சொல்லவும் இல்லை. வெல்டர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, நேராகப் பட்டறைக்குப் போகாமல், எதிர்வீட்டு வாசலில் போய் நின்றான். மெக்கானிக் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று ஜன்னலிலிருந்து கேட்கவில்லை. வெல்டர் தன் இரண்டு கையையும் படுக்கை வசமாக நீட்டி, ஒன்று கழுத்துக்கு, ஒன்று தொடைக்கு என்று எதையோ காட்டினான். மெக்கானிக் கிரீஸ் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாருக்கும் இனி பயன்படாத பாடம்.

புதன்கிழமை குரூப்பில் ஒருவரும் எதுவும் போடவில்லை. யாரும் வெளியேறாமலே, யாரோ வெளியேறிய நாள் மாதிரி கிடந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் பாத்திரத்தை ஏற்றினாள். வெல்டர் அதைச் சுற்றிப் போகாமல் நின்று, இடுக்கியை எடுத்துப் பட்டைகளைக் கொடியில் போட்டான். "இன்னிக்கா அந்தப் பாப்பாவுக்கு?" என்றான். "வெக்க ஒத்துக்கிட்டாளா இல்லையான்னு தெரியாது," என்றாள். பதினோரு மணிக்குப் பட்டறையிலிருந்து போன் போட்டு, "எதாச்சும் வந்துச்சா?" என்றான். இல்லை. ஒரு மணிக்கு மறுபடி. இல்லை. தங்கச்சி மருந்துக்கடையிலிருந்து கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள். தையல்காரிக்குப் பதினாறு கால்சட்டை பாக்கி இருந்தது. இடுப்புப் பட்டி வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஜன்னலில் மழை விட்டுவிட்டுப் பெய்தது.

மூன்று மணிக்கு மேல் சத்தம் வந்தது. புதுசு. தனியாக அவளுக்கு இல்லை, குரூப்பில் எல்லோருக்கும்.

"குழாய் வெச்சாச்சு. மருந்து தெளிஞ்சு முழிச்சிட்டா. சட்டை குழாய்மேல உரசி அழறா, சட்டை இல்லாம இருந்தா குளிர்ல நடுங்கறா. வெளித்தையல் சட்டைல குழாய்க்கு எங்க ஓட்டை விடணும்னு யாராவது சொல்லுங்க."

யாராவது என்றுதான் இருந்தது. தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அறுபத்தோரு பேரில் நாற்பது பேர் அதைப் படித்துவிட்டதாகப் போன் காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை. டீச்சர் போடவில்லை. எதற்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டையாக வருகிற லாரியும் போடவில்லை.

திங்கட்கிழமை தப்பாகத் தைத்து எடுத்து வைத்திருந்த சட்டையை விரித்து மெஷின் பலகையில் போட்டாள். குறி போடும் சாக்பீஸை எடுத்தாள். வயிற்றுப் பக்கம் ஒரு புள்ளி வைத்தாள், அழித்தாள், கொஞ்சம் மேலே வைத்தாள், அதையும் அழித்தாள். அவள் மகன் வயிற்றில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. எங்கே வரும், எவ்வளவு பெரிசு, படுத்தால் எந்தப் பக்கம் சாயும், ஒன்றும் தெரியாது.

சாக்பீஸ் மாவு ஒட்டிய விரலால் எழுதினாள்.

"தொப்புளுக்கு எத்தனை விரல் மேல இருக்கு? இடது பக்கமா? பாப்பா எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா?"

அனுப்பிவிட்டு மெஷின் ஊசியை மேலே தூக்கி வைத்தாள். புதுசு எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி எழுதத் தொடங்கினாள்.